பிரவுசர் திணறுகிறதா? கேஷை அழிக்கும் முன் செஷன் கோப்பைப் பாருங்கள்

ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கடற்கரை நெடுக உள்ள நெட் சென்டர்களிலும் இ-சேவை மையங்களிலும் காலையில் திறக்கிற பிரவுசரை இரவு கடை சாத்தும்வரை யாரும் மூடுவதில்லை. ஒரு டேப்பில் காற்று வரைபடம், அடுத்ததில் பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி, அதற்கடுத்து பட்டா, ரயில் டிக்கெட், கீழக்கரைப் பக்கம் என்றால் விசா விண்ணப்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். கரையில் இருக்கிற அந்த நாட்களில்தான் பலரும் சான்றிதழ் வேலைகளை முடித்துக்கொள்வார்கள் என்பதால் டேப் இன்னும் பெருகும். ராத்திரி பிரவுசரை மூடினாலும், 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற அமைப்பு இருப்பதால் மறுநாள் காலையில் அத்தனையும் திரும்ப வந்து நிற்கும்.

இப்படிச் சில வாரம் போனதும் டைப் அடிக்கும்போது எழுத்து விட்டு விட்டு விழும். திறக்க ஒரு நிமிடம், மூட ஒரு நிமிடம் ஆகும். உடனே எல்லோரும் செய்வது, பார்த்த பக்கங்களின் படங்களைச் சேர்த்துவைக்கும் கேஷை அழிப்பது. அது இந்த நோய்க்கு மருந்தே இல்லை. கேஷை மட்டும் அழித்தால், திறந்திருக்கும் டேப்களைப் பதிந்துவைக்கும் செஷன் கோப்பு ஒரு கேபி கூடக் குறையாது. உள்ளதும் போய், மறுபடி எல்லாப் படத்தையும் நெட்டில் இறக்க வேண்டி வரும். கேஷ், ஒவ்வொரு தளமும் வைத்துவிட்டுப் போகும் குக்கீ மற்றும் தளத் தரவு, திறந்திருக்கும் டேப்களின் செஷன் பதிவு என்று பிரவுசரில் மூன்று தனித்தனிக் கிடங்குகள் இருக்கின்றன. எது நிரம்பியிருக்கிறது என்று பார்த்து அதில் மட்டும் கை வைத்தால் வேலையும் சீக்கிரம் முடியும், வாடிக்கையாளரின் லாகினும் பாதியில் அறுந்துபோகாது.

முதலில் குற்றவாளியைப் பிரித்தறிதல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பிரவுசரை மூடிய பிறகும் மெமரி 85 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் கோளாறு பிரவுசரில் இல்லை. கடற்கரைக் கடைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் ஊறிய தூசி விசிறியிலும் ஹீட்சிங்க்கிலும் அப்பிக்கொண்டால் பிராசஸர் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது பிரவுசர் மட்டுமல்ல, வேர்டு, கால்குலேட்டர்கூட மெதுவாகத்தான் திறக்கும். அதற்கு வேண்டியது பிரஷ்ஷும் ப்ளோயரும்.

பிரவுசர் மட்டும் திணறினால் ஒரு சின்னச் சோதனை போதும். குரோமில் மேலே வலது மூலையில் உள்ள புரொஃபைல் வட்டத்தை அழுத்தி கெஸ்ட் விண்டோ திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, புரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டினால் வரும் பக்கத்தில் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதைத் தனி பிரவுசராகத் திறக்கலாம். புதியது சட்டென்று திறந்து சரளமாக ஓடினால் சிஸ்டமும் நெட்டும் நன்றாகவே இருக்கின்றன. புக்மார்க், குக்கீ, செஷன் எல்லாம் தங்கும் பழைய புரொஃபைல்தான் பாரத்தைச் சுமக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் சோதனை முடிந்ததும் அதே பக்கத்தில் எது டீஃபால்ட் என்று பார்த்து, பழைய புரொஃபைலுக்கே மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் மறுநாள் 'புக்மார்க் எல்லாம் காணோம்' என்று பதறுவார்கள்.

அறிகுறிகளை வைத்தும் ஓரளவு சொல்லிவிடலாம். கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொடக்கு நேரம் உறைந்து மறுபடி ஓடினால் செஷன் பதிவைச் சந்தேகியுங்கள். ஒரே ஒரு தளம் மட்டும் உள்ளே விடாமல் சுற்றிச் சுற்றி லாகின் பக்கத்துக்கே வந்தால் குக்கீ. எல்லாப் பக்கமும் வெள்ளையாக நின்று, வந்த பிறகு நன்றாக ஓடினால் அது நெட் கோளாறு.

ஃபயர்ஃபாக்ஸ் என்ன எழுதுகிறது, எங்கே எழுதுகிறது

கரண்ட் போனாலும் டேப்கள் தொலையக் கூடாது என்பதற்காக ஃபயர்ஃபாக்ஸ் 15 விநாடிக்கு ஒருமுறை, ஏதாவது மாறியிருந்தால், செஷனை டிஸ்கில் எழுதும். அதில் முகவரி மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு டேப்பிலும் பின்னால் போகக்கூடிய பக்கங்கள், படிவத்தில் பாதி அடித்த எழுத்து, பக்கம் எவ்வளவு கீழே உருட்டப்பட்டிருந்தது, அந்த டேப்புக்கென்று தளம் வைத்துக்கொண்ட தற்காலிகத் தரவு, பிரவுசரை மூடினால் போய்விட வேண்டிய குக்கீகள், நீங்கள் ஏற்கெனவே மூடிவிட்ட டேப்கள் என எல்லாம் சேரும். மாறிய பகுதியை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு முறையும் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதுவதுதான் இதில் பாரம். கோப்பு 20 எம்பி என்று வையுங்கள். ஓயாமல் ஏதோ ஒரு டேப் மாறிக்கொண்டே இருந்தால் நிமிடத்துக்கு 4 முறை, 80 எம்பி. மணிக்கு 4.8 ஜிபி. எட்டு மணி நேரக் கடைக்கு 38 ஜிபிக்கு மேல். பழைய ஹார்டு டிஸ்க் இதில் மூச்சு வாங்கும். எஸ்எஸ்டி என்றால் சத்தம் காட்டாது, ஆனால் எழுதுவதற்கு முன் இத்தனையையும் திரட்டித் தொகுக்கிற வேலை பிரவுசரின் முதன்மை ஓட்டத்தைத் தடுக்கத்தான் செய்யும். எழுத்து விட்டு விட்டு விழுவது அதனால்தான்.

கோப்பைப் பார்க்க மெனுவில் 'ஹெல்ப்', அதில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்'. வரும் பக்கத்தில் 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிசைக்கு நேரே 'ஓபன் ஃபோல்டர்' பொத்தான் இருக்கும். உள்ளே 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டர். பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போது உயிரோடு இருக்கும் கோப்பு அதிலுள்ள 'ரெகவரி.ஜேசன்எல்இசட்4'. பக்கத்திலேயே அதன் முந்தைய பிரதி 'ரெகவரி.பேக்எல்இசட்4', போன முறை ஓடியதன் பதிவு 'பிரீவியஸ்.ஜேசன்எல்இசட்4'. 'அப்கிரேட்' என்று தொடங்குபவை பிரவுசர் புதுப்பிக்கப்பட்டபோது எடுத்து வைத்த பிரதிகள். அவை இடத்தை அடைக்குமே தவிர வேகத்தைக் குறைக்காது. பிரவுசரை முறையாக மூடினால் 'செஷன்ஸ்டோர்.ஜேசன்எல்இசட்4' என்ற கோப்பு ஃபோல்டருக்கு வெளியே, புரொஃபைலின் மேல்தட்டிலேயே வந்து உட்காரும்.

ரெகவரி கோப்பின் அளவைப் பாருங்கள். இருபது முப்பது டேப் வைத்திருப்பவருக்குச் சில நூறு கேபி இயல்பு. 5 எம்பியைத் தாண்டினால் ஏதோ ஒரு டேப் கொழுத்திருக்கிறது. 20 எம்பிக்கு மேல் என்றால் இன்றே கவனிக்க வேண்டிய விஷயம். இது சுருக்கி அடைத்த கோப்பு என்பதால் மெமரியில் விரியும்போது அளவு இதைவிடப் பல மடங்கு வரும். ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, 'மாற்றிய நேரம்' என்ற நிரலை ஒரு நிமிடம் கவனியுங்கள். யாரும் கீபோர்டைத் தொடாமலே 15 விநாடிக்கு ஒருமுறை நேரம் மாறிக்கொண்டிருந்தால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு பக்கம் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

எடை எதனால் ஏறுகிறது

டேப்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மீட்டெடுத்த டேப்பை நீங்கள் தொடும்வரை ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றுவதே இல்லை. ஆகவே 200 டேப் இருந்தாலும் மெமரிக் கணக்கில் சில மட்டுமே தெரியும். ஆனால் செஷன் கோப்பில் 200-ம் இருக்கும். ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜரில் மெமரியை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லையே' என்று விட்டுவிடுவது இதனால்தான்.

வழக்கமான குற்றவாளிகள் இரண்டு வகை. வரைபடத் தளங்களில் சில, நீங்கள் படத்தை இழுக்கும்போதெல்லாம் முகவரியை மாற்றி, ஒவ்வொன்றையும் பின்செல்லும் பட்டியலில் ஏற்றும். மன்னார் வளைகுடாப் பக்கம் ஒருமுறை, பாக் நீரிணைப் பக்கம் ஒருமுறை என்று காற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த ஒரு டேப்புக்குள் 50 பக்கம் வரை சேரும். இரண்டாவது, நீண்ட படிவங்கள். பெரிய எழுத்துப்பெட்டியில் ஒட்டிய மனு, பாதியில் விட்ட விண்ணப்பம் எல்லாம் எழுத்து மாறாமல் செஷனுக்குள் போகும்.

இப்படிக் கொழுத்த டேப்பை மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. மூடிய டேப்களில் 25 வரை, அவற்றின் முழுத் தரவோடு, 'மூடியதைத் திரும்பத் திற' என்ற வசதிக்காகச் செஷனிலேயே இருக்கும். கொழுத்த டேப்பை மூடிய பிறகும் கோப்பு குறையவில்லையே என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

சுத்தம் செய்யும் வரிசை

வரிசை முக்கியம். நடுவில் ஒன்றைத் தாண்டினாலும் டேப்கள் போய்விடும், அல்லது செய்த வேலை வீணாகும்.

1. வேண்டிய டேப்களைக் காப்பாற்றுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினால் அந்த விண்டோவில் உள்ள எல்லா டேப்பும் ஒரே புக்மார்க் ஃபோல்டரில் சேரும். ஒன்றுக்கு மேற்பட்ட விண்டோ இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாகச் செய்ய வேண்டும். ஃபோல்டருக்கு அன்றைய தேதியைப் பெயராக வையுங்கள். பின் செய்து வைத்த டேப்களும் டேப் குழுக்களும் செஷன் கோப்பில்தான் வாழ்கின்றன, அவற்றையும் மறக்க வேண்டாம்.

2. பிரவுசரை மெனுவின் 'எக்ஸிட்' வழியாக மூடுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் முற்றிலும் மறையும்வரை பொறுங்கள். செஷன் பெரிதாக இருந்தால் கடைசியாக எழுதி முடிக்கவே அரை நிமிடம் ஆகலாம். பொறுமை இழந்து எண்ட் டாஸ்க் கொடுத்தால் பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சும்.

3. 'செஷன்ஸ்டோர்.ஜேசன்எல்இசட்4' கோப்பு, 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்' ஃபோல்டர் இரண்டையும் டெஸ்க்டாப்பில் ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம், நகர்த்தினாலே போதும்.

4. பிரவுசரைத் திறந்து, புக்மார்க் ஃபோல்டரிலிருந்து இன்றைக்கு உண்மையிலேயே தேவையானதை மட்டும் திறங்கள்.

இரண்டு இடத்தில் அடிக்கடி சறுக்கும். பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பை நீக்கினால், அது மெமரியில் உள்ளதை அடுத்த 15 விநாடியில் மறுபடி எழுதிவிடும். இன்னொன்று, மேல்தட்டுக் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு பேக்கப் ஃபோல்டரை விட்டுவைப்பது. முதல் கோப்பு இல்லை என்றதும் ஃபயர்ஃபாக்ஸ் ரெகவரி கோப்பையும், அதுவும் இல்லையென்றால் அடுத்ததையும் தேடிப்போய்ப் படிக்கும். அதே பழைய கூட்டம் திரும்ப வந்து நிற்கும்.

புக்மார்க்கோ சேமித்த பாஸ்வேர்டோ ஹிஸ்டரியோ இந்தக் கோப்புகளில் இல்லை, அவற்றுக்கு ஆபத்து வராது. அரசுத் தளங்களின் பழைய விண்ணப்ப டேப்களை விடத் தயங்கவும் வேண்டாம். நேற்று பாதியில் நின்ற பக்கத்தை இன்று பிரவுசர் அப்படியே மீட்டுக் காட்டினாலும், சர்வர் பக்கத்தில் அந்த லாகின் காலாவதியாகி வெகுநேரம் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் நிரப்பிச் 'சமர்ப்பி' அழுத்தும்போது 'செஷன் எக்ஸ்பையர்டு' என்றுதான் வரும். அந்தத் தளங்களின் முகப்புப் பக்கத்தை மட்டும் புக்மார்க் செய்து, ஒவ்வொரு முறையும் புதிதாக நுழைவதே சரியான வழி.

மறுபடி கொழுக்காமல் இருக்க

முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று தட்டி, எச்சரிக்கையை ஏற்று உள்ளே போனால் ஒரு தேடல் பெட்டி வரும். அதில் செஷன்ஸ்டோர் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்தால் நீளமான பட்டியல் விழும். தொட வேண்டியவை சிலதான்.

'இன்டர்வெல்' என்று முடியும், 15000 என்ற மதிப்புள்ள வரிசை எழுதும் இடைவெளி. மில்லி விநாடிக் கணக்கு. யுபிஎஸ் உள்ள கடையில் 60000 ஆக்கலாம், அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை. யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் 30000-ஐத் தாண்ட வேண்டாம். கரண்ட் போனால் கடைசி அரை நிமிட வேலை மட்டும் போகும். அதன் பக்கத்திலேயே 'ஐடில்' என்று முடியும் இன்னொரு வரிசை இருக்கும், மதிப்பு 3600000. அது ஆள் இல்லாத நேரத்துக்கானது, ஏற்கெனவே ஒரு மணி நேரம், அதை விட்டுவிடுங்கள்.

'மேக்ஸ்_டேப்ஸ்_அன்டூ', மதிப்பு 25. இதை 5 ஆக்குங்கள். மூடிய டேப்களின் சுமை குறைய இதைவிட நல்ல வழி இல்லை. மாற்றிய உடனே அதிகப்படியான மூடிய டேப்கள் உதிர்ந்துவிடும், அடுத்த முறை எழுதும்போது கோப்பின் அளவில் வித்தியாசம் தெரியும். தவறுதலாக மூடியதைத் திரும்பத் திறக்க ஐந்து தாராளம். 'மேக்ஸ்_சீரியலைஸ்_பேக்', மதிப்பு 10. பிரவுசரை மூடும்போது ஒவ்வொரு டேப்பிலும் பின்னால் எத்தனை பக்கம் சேமிக்க வேண்டும் என்பது இது. 3 போதும்.

'பிரைவசி_லெவல்' என்ற வரிசையில் 0 இருக்கும். படிவத்தில் அடித்த எழுத்தையும் குக்கீயையும் எல்லாத் தளத்துக்கும் சேமி என்று அர்த்தம். 2 ஆக்கினால் எந்தத் தளத்துக்கும் சேமிக்காது. வீட்டு சிஸ்டத்தில் இது கொஞ்சம் தொந்தரவு, பாதி அடித்த கடிதம் கரண்ட் போனால் போய்விடும். பொதுமக்கள் உட்காரும் சிஸ்டத்தில் கண்டிப்பாக 2 தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு பெட்டியில் அடித்தது செஷனில் சேமிக்கப்படாது என்பது உண்மை. ஆனால் பெயர், முகவரி, சாதாரணப் பெட்டியில் அடித்த அடையாள எண்கள் எல்லாம் சேரும்.

குரோம், எட்ஜ்

இவை இரண்டும் ஒரே அடித்தளம், எழுதும் முறை வேறு. கோப்பு முழுவதையும் திரும்பத் திரும்ப எழுதாமல் மாற்றங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். அதனால் அந்தக் கால் நிமிட உறைவு இங்கே அவ்வளவாக இருக்காது. திறக்கும்போது கூட்டமாக டேப் ஏறுவதிலும் மெமரியிலும்தான் இங்கே தொல்லை. ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி வரும் பட்டியலில் 'மெமரி ஃபுட்பிரிண்ட்' தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் மேலே நிற்பதுதான் ஆள். அமைப்புகளில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி சேவரை இயக்கினால், பயன்படாத டேப்கள் மெமரியை விட்டு இறங்கும். ஆனால் படிவம் பாதியில் நிற்கும் தளங்களை 'எப்போதும் இயங்கட்டும்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

திறந்தவுடனே தொங்கினால், முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, வெர்ஷன் என்று தட்டுங்கள். 'புரொஃபைல் பாத்' வரிசையில் ஃபோல்டரின் முழு முகவரி இருக்கும். குரோமை மூடி, அதற்குள் உள்ள 'செஷன்ஸ்' ஃபோல்டரில் 'செஷன்', 'டேப்ஸ்' என்று தொடங்கி நீண்ட எண்ணில் முடியும் கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தினால் அடுத்த முறை வெறும் டேப்போடு திறக்கும். மூடியும் டாஸ்க் மேனேஜரில் குரோம் போகவில்லை என்றால், அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் மூடிய பின்னும் பின்னணியில் இயங்கும் அமைப்பை அணைக்க வேண்டும். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும் சேர்த்து அணையுங்கள்.

ஒரே தளம் மட்டும் தகராறு செய்தால்

'400 பேட் ரிக்வெஸ்ட்' என்றோ, குக்கீ மிகப் பெரிது என்றோ வெள்ளைப் பக்கத்தில் வந்தால் அது செஷன் கோப்புக்குச் சம்பந்தமில்லாதது. ஒரு குக்கீ ஏறத்தாழ 4096 பைட் வரை இருக்கலாம். ஒரே தளம் பல குக்கீ வைத்து, எல்லாம் சேர்ந்து சர்வர் ஏற்கும் அளவைத் தாண்டினால் அது கதவைச் சாத்திவிடும். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள பூட்டு அல்லது அமைப்புச் சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்தின் குக்கீ, தரவை மட்டும் அழியுங்கள். அந்தத் தளத்தில் மட்டும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும், மற்ற எதற்கும் பாதிப்பில்லை. குரோமில் எந்தத் தளம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க, தள அமைப்புகளில் எல்லாத் தளங்களின் பட்டியலைச் சேமித்த அளவின்படி வரிசைப்படுத்தலாம்.

இரண்டு வாடிக்கையாளரின் வேலையை ஒரே அரசுத் தளத்தில் இரண்டு டேப்பில் ஒரே நேரத்தில் செய்வதும் இதே வகைத் தவறு. டேப் வேறாக இருந்தாலும் குக்கீ ஒன்றுதான். பின்னால் நுழைந்தவரின் லாகின் முன்னவருடையதை அடித்துவிடும், சமயத்தில் ஒருவர் விவரம் மற்றவர் கணக்கில் ஏறும் அபாயமும் உண்டு. ஒருவருக்குச் சாதாரண விண்டோ, அடுத்தவருக்குப் பிரைவேட் விண்டோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்.

கடை சிஸ்டத்துக்கு

வாடிக்கையாளர் வேலைகள் எல்லாமே பிரைவேட் விண்டோவில் நடப்பதுதான் நல்லது. பிரைவேட் விண்டோவில் நடப்பது செஷன் கோப்பில் எழுதப்படாது, ஆகவே கொழுப்பு சேராது. அதைவிடப் பெரிய காரணம், விட்ட இடத்திலிருந்து தொடரும் சாதாரண விண்டோ, காலையில் வந்த ஒருவரின் லாகினை மாலையில் வேறொருவர் முன் திறந்து காட்டிவிடக்கூடும். நம்பி எண்ணைச் சொன்னவருக்கு அது பெரிய அநியாயம். ஒருவர் எழுந்ததும் பிரைவேட் விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தால்கூட எல்லாப் பிரைவேட் டேப்பும் அதே குக்கீயைப் பகிரும். இறக்கிய பிடிஎஃப் மட்டும் டவுன்லோட்ஸில் தங்கிவிடும், அதைக் கையால் அழிக்க வேண்டும்.

காற்று வரைபடம், வானிலை, மீன்வளப் பகுதி அறிவிப்பு போன்ற நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டிய பக்கங்களுக்குத் தனிப் புரொஃபைல் ஒன்று வைத்தால் அவற்றின் ஓயாத மாற்றம் மற்ற வேலைகளின் செஷனைத் தொடாது. தட்கல் எடுக்கும் கடைகளில் ஏசி வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்பதால், சுத்தம் செய்வதும் பிரவுசரை மறுபடி திறப்பதும் ஒன்பதரைக்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் இதைத் தொடவே கூடாது.

கரண்ட் போய் வந்த பிறகு

திடீரென்று நின்ற ஃபயர்ஃபாக்ஸ் முதல் முறை தானாகவே பழைய டேப்களைத் திறக்கும். மறுபடியும் உடனே நின்றுபோனால் மீட்புப் பக்கம் ஒன்று வரும். அதில் முந்தைய டேப்களின் பட்டியலை விரித்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் இருக்கும். 'எல்லாவற்றையும் மீட்டெடு' என்பதை அவசரப்பட்டு அழுத்தாமல், சந்தேகமுள்ள வரைபட டேப், ஏற்றம் பாதியில் நின்ற படிவம் இவற்றின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மீட்டெடுங்கள். பெரும்பாலும் தொங்கல் அதோடு நின்றுவிடும்.

டேப்களே இல்லாமல் வெறுமையாகத் திறந்துவிட்டால், வேறெதையும் திறக்காமல் முதலில் 'ஹிஸ்டரி' மெனுவில் 'ரிஸ்டோர் பிரீவியஸ் செஷன்' உயிரோடு இருக்கிறதா பாருங்கள். மங்கலாக இருந்தால் பிரவுசரை உடனே மூடுங்கள். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் நல்ல பிரதி ஒரு படி கீழே தள்ளப்பட்டு, கடைசியில் அழியும். பேக்கப் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் அளவு பெரிதாகவும் தேதி சரியாகவும் உள்ள கோப்பைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் அது 'பிரீவியஸ்' ஆக இருக்கும். அதற்கு 'செஷன்ஸ்டோர்.ஜேசன்எல்இசட்4' என்று பெயர் மாற்றி, புரொஃபைலின் மேல்தட்டில், ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால் அதை அப்புறப்படுத்திவிட்டு, வையுங்கள். விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு மறைந்திருந்தால் பெயர் இரட்டைப் பின்னொட்டாகிவிடும், அப்படி ஆனால் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் பின்னொட்டைக் காட்டும் அமைப்பை முதலிலேயே இயக்கிக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரைத் திறந்தால், 'விட்ட இடத்திலிருந்து தொடர்' அமைப்பு இருந்தால் டேப்கள் தாமாகவே வரும், இல்லையென்றால் அதே 'ரிஸ்டோர் பிரீவியஸ் செஷன்' இப்போது அழுத்தக்கூடியதாக இருக்கும்.